ஏரி எந்த அலமாரியில் இருக்கிறது? பள்ளி நூலகப் பொறுப்பாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

“ஏரியைப் பத்தி ஏதாவது புத்தகம் இருக்கா, டீச்சர்?” என்று ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி நூலக வாசலில் நின்று கேட்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். சமூக அறிவியல் பாடத்துக்கு ஒரு செயல்திட்டம் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு வாரத்தில் ஒப்படைக்க வேண்டும். நீர்வளம் பற்றிய நூல் ஒன்றை எடுத்துக் கொடுத்து, வழங்கல் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவளை அனுப்பிவிட இரண்டு நிமிடம் போதும். அவளும் அந்நூலின் முதல் நான்கு பக்கங்களைப் பார்த்து எழுதி, படம் ஒட்டி, உறையிட்டு ஒப்படைத்துவிடுவாள். நூல் வழங்கும் வேலை நடந்திருக்கும். நூலகரின் வேலை நடந்திராது.

தமிழ்நாட்டுப் பள்ளிகள் பலவற்றில் நூலகத்துக்கென்று தனியாக ஒருவர் இல்லை. தமிழாசிரியரோ பட்டதாரி ஆசிரியர் ஒருவரோ தம் பாடவேளைகளுக்கு நடுவே சாவியை வைத்துக்கொண்டு நூலகத்தைத் திறந்து மூடுகிறார். முழுநேர நூலகர் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அப்படி ஒருவர் வரும்வரை காத்திருக்கும் பிள்ளைகள் பள்ளியை முடித்துப் போய்விடுவார்கள். ஆகவே பொறுப்பாசிரியராக இருப்பவரும் கற்றுக்கொண்டு செய்யக்கூடிய அளவில், ஒரு மாணவர் தகவலைத் தேடிக் கண்டடைய நூலகர் எவ்வாறு உதவ வேண்டும் என்பதை அந்த ஏரிக் கேள்வியை வைத்தே இங்கு விளக்குகிறேன்.

கேள்வியைத் தோண்டி எடுப்பது

நூலகத்துக்கு வருபவர் தமக்கு உண்மையில் வேண்டியதைக் கேட்பதில்லை. நூலகத்தில் இருக்கும் என்று தாம் நினைப்பதைக் கேட்கிறார். அமெரிக்க நூலகவியலாளர் ராபர்ட் டெய்லர் 1968-இல் இதை விரிவாக எழுதினார். மனத்தில் தெளிவில்லாமல் எழும் ஒரு தேவை சொல்லாகி, வாக்கியமாகி, இறுதியில் நூலகம் எதைத் தரும் என்ற கணிப்புக்கேற்பச் சுருங்கி நம் முன் வந்து நிற்கிறது என்பது அவர் கருத்து. அந்தச் சுருக்கத்தை மறுபடி விரித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை.

மாணவியைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். மேசைக்கு அப்பால் நிற்கும் பிள்ளை விடை சொல்லத் தயாராகுமே தவிர, யோசிக்கத் தயாராகாது. ஆம், இல்லை என்று முடிந்துவிடும் கேள்விகளைத் தவிர்த்து, “எந்த ஏரிம்மா?”, “அதுல உனக்கு எதைத் தெரிஞ்சுக்கணும்னு தோணுது?”, “இதுவரைக்கும் உனக்கு என்ன தெரியும்?” என்று கேளுங்கள். ஆசிரியர் தந்த தாளையோ குறிப்பேட்டில் எழுதித் தந்ததையோ வாங்கி நீங்களே படியுங்கள். மாணவர் அதைத் தம் சொற்களில் சொல்லும்போது பாதி விடுபட்டுவிடும். “இதெல்லாம் உனக்கு எதுக்கு?” என்று மட்டும் கேட்க வேண்டாம். பெரியவர்களுக்கு அது சாதாரணக் கேள்வி, பிள்ளைகளுக்கோ அது விசாரணை.

ஐந்து நிமிடத்தில் அவள் சொல்லிவிடுவாள்: முன்பெல்லாம் ஊரே கூடி ஏரியைத் தூர்வாரும் என்று தாத்தா சொல்லியிருக்கிறார், இப்போது யாரும் இறங்குவதில்லை, ஏன் என்று தெரியவில்லை. அதுதான் அவளுடைய கேள்வி. “எங்கள் ஊர் ஏரியை முன்பு யார் பராமரித்தார்கள், இப்போது யார் பராமரிக்க வேண்டும்?” என்று அதை அவள் கையாலேயே ஒரு துண்டுத் தாளில் எழுதச் சொல்லுங்கள். ‘ஏரி’ என்பது ஒரு தலைப்பு. அதற்குள் எதையும் கொட்டலாம். இந்த வாக்கியம் ஒரு கேள்வி. எந்தப் பக்கம் தேவை, எந்தப் பக்கம் தேவையில்லை என்பதை இதைக் கொண்டு அவளே முடிவு செய்யலாம்.

பொறுப்பேற்ற முதல் ஆண்டில், கேட்டவுடன் நூலை எடுத்து நீட்டுவதே திறமை என்று நானும் எண்ணியிருந்தேன். அரங்கநாதனின் நான்காம் விதி அதற்குத் துணை நிற்பதாகவும் நினைத்தேன். சீர்காழியில் 1892-இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரான சீ. இரா. அரங்கநாதன், 1931-இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தனுள் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொல்கிறது. தவறான நூலோடு இரண்டு வாரம் கழிக்கும் பிள்ளையின் நேரம் சேமிக்கப்படவில்லை என்பதும், தொடக்கத்தில் செலவிடும் ஐந்து நிமிடமே அந்தச் சேமிப்பு என்பதும் எனக்குப் பிறகுதான் விளங்கின.

ஒரே நீருக்குப் பல பெயர்கள்

பள்ளி நூலகர் ஒருவரால் மட்டுமே செய்யக்கூடியதாக நான் கருதும் உதவி இது. தேடுபொறிக்கு மாணவி என்ன சொல்லைத் தருகிறாளோ அதை ஒட்டியே அது தேடும். எந்தச் சொல்லைத் தர வேண்டும் என்று அவளுக்குக் கற்றுக்கொடுக்க ஒரு மனிதர் வேண்டும்.

ஆகவே எதையும் தேடுவதற்கு முன் ஒரு முழுப் பக்கத்தில் சொற்களைத் திரட்டச் செய்யுங்கள். காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பகுதியில் ஏரி எனப்படுவது மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் பகுதியில் கண்மாய்; திருநெல்வேலிப் பக்கத்திலும் இலங்கையிலும் குளம். தாங்கல், ஏந்தல், ஊருணி என்பவையும் நீர்நிலைகளே. ஆனால் ஊருணி குடிநீருக்கு, ஏரி பாசனத்துக்கு என்ற வேறுபாடு தெரியாவிட்டால் தேடல் வழி தவறும். ஏரியின் உறுப்புகளுக்கும் தனிச் சொற்கள் உண்டு. நீரைத் திறந்துவிடும் மதகு அல்லது மடை, மிகை நீர் வழிந்தோடும் கலங்கல் அல்லது கலிங்கு, பழைய ஏரிகளின் உட்புறத்தில் இரண்டு கல்தூண்களோடு நிற்கும் குமிழித்தூம்பு, நீர் வந்து சேரும் வரத்துக் கால்வாய், பாசனம் பெறும் நிலப்பரப்பான ஆயக்கட்டு ஆகியவை அவற்றுள் சில. நீரைப் பங்கிட்டு விடுபவரை ஓர் ஊரில் நீர்க்கட்டி என்றும் மற்றோர் ஊரில் நீர்பாய்ச்சி என்றும் அழைக்கிறார்கள். மாணவியின் கேள்விக்கு இந்தச் சொல் மிக முக்கியமானது, ஏனெனில் பராமரித்தவர் யார் என்பதற்கான விடையில் ஒரு பாதி அதற்குள்ளேயே இருக்கிறது. இத்தகைய சொற்களின் பொருளில் ஐயம் வந்தால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனைத் திறந்து காட்டுங்கள். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த அந்த அகராதி இப்போது இணையத்திலும் கிடைக்கிறது.

ஊரார் கூடிச் செய்த பராமரிப்புக்குப் பெயர் குடிமராமத்து. இந்த ஒரு சொல்லை அவள் தெரிந்துகொண்டுவிட்டால் அதுவரை மூடியிருந்த கதவுகள் பல திறக்கும். ஆனால் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 2017-இல் தமிழ்நாடு அரசு இதே பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கியதால், இச்சொல்லை மட்டும் இட்டுத் தேடினால் அத்திட்டம் பற்றிய செய்திகளே முன்னால் வந்து நின்று, பழைய வழக்கம் பின்னுக்குத் தள்ளப்படலாம். ‘குடிமராமத்து’ என்பதோடு ‘வரலாறு’, ‘சோழர் காலம்’, ‘ஆங்கிலேயர் ஆட்சி’ என்று ஒரு சொல்லைச் சேர்த்துத் தேடவும், இரண்டு மூன்று சொற்கள் ஒரே தொடராக வர வேண்டுமானால் அவற்றை மேற்கோள் குறிக்குள் இடவும் அவளுக்குப் பழக்குங்கள்.

ஆங்கிலத்தில் தேடும்போது மற்றொரு சிக்கல் வரும். ஏரிக்கு நேராக ‘லேக்’ என்று இட்டால் இயற்கை ஏரிகளும் சுற்றுலா இடங்களும் வரும். பாசன ஏரியை ஆங்கில ஆவணங்கள் ‘டேங்க்’ என்றே குறிக்கின்றன. வெறும் ‘டேங்க்’ என்று இட்டாலோ படைக்கலமும் தண்ணீர்த் தொட்டியும் வரும். ‘இரிகேஷன் டேங்க்’ என்று இட வேண்டும். பழைய மாவட்டக் கையேடுகளில் ஊர்ப்பெயர்களும் வேறாக இருக்கும்: தஞ்சாவூர் டாஞ்சூராகவும், திருச்சிராப்பள்ளி டிரிச்சினோபோலியாகவும், திருநெல்வேலி டின்னெவெல்லியாகவும், செங்கல்பட்டு சிங்கிள்புட்டாகவும் அச்சாகியிருக்கும். இதை யாரேனும் சொல்லித் தராவிட்டால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை தானாகக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

அலமாரியில் ஏரியைத் தேடுதல்

மெல்வில் டூயி 1876-இல் வெளியிட்ட, பொருளுக்கேற்ப நூல்களுக்கு எண்ணிடும் தசமப் பகுப்பு முறையில் நூல்களை அடுக்கியிருக்கும் நூலகத்தில், ஏரிக்கென்று ஒரே இடம் கிடையாது. நீரியல் பார்வையில் எழுதிய நூல் 551.48-இல் இருக்கும், நீர்வளத்தின் பொருளாதாரம், உரிமை, நிருவாகம் பற்றியது 333.91-இல், அணை, மதகு முதலிய கட்டுமானம் 627-இல், வேளாண் பாசனம் 631.587-இல், தமிழ்நாட்டு வரலாறு 954.82-இல். ஏரிக்கு வரும் பறவைகளைப் பற்றியதானால் 598-க்குப் போக வேண்டும். இந்த எண்களை மாணவி மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஒரே பொருள் ஐந்து அலமாரிகளில் ஐந்து முகங்களோடு இருக்கிறது என்பதை அவளை உடன் அழைத்துக்கொண்டு நடந்து காட்டினால் போதும். “யார் பராமரித்தார்கள்?” என்ற கேள்விக்கு 954.82-ம் 333.91-ம் முதன்மை என்பதை அவளையே சொல்ல வையுங்கள்.

உங்கள் நூலகத்தில் பகுப்பெண் இடப்படவில்லையா? நூல்கள் இரும்பு பீரோவுக்குள் சேர்க்கைப் பதிவேட்டின் (நூல்கள் வந்த வரிசையில் எண்ணிட்டுப் பதியும் ஏடு) வரிசைப்படியே அடுக்கப்பட்டிருக்கின்றனவா? அப்படியானால் முழு நூலகத்தையும் ஒரே மூச்சில் மாற்ற முயல வேண்டாம். ஆண்டுதோறும் செயல்திட்டங்களுக்கு வரும் பத்துப் பதினைந்து தலைப்புகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நோட்டுப் பக்கம் ஒதுக்கி, அத்தலைப்புக்குப் பயன்படும் நூல்களின் சேர்க்கை எண்ணையும் பக்க எண்ணையும் எழுதி வையுங்கள். பக்க எண்தான் முக்கியம். நூலின் தலைப்பில் ஏரி என்ற சொல்லே இல்லாமல், உள்ளே ஒரு முழு இயல் ஏரிகளைப் பற்றி இருக்கலாம். அதைப் படித்தறிந்த ஒருவர் குறித்து வைத்தால்தான் அது வெளிச்சத்துக்கு வரும்.

பொருளடக்கத்தையும் நூலின் இறுதியிலுள்ள சொல்லடைவையும் பயன்படுத்தக் கற்பிப்பதற்கும் இதுவே தருணம். தமிழ் நூல்கள் பலவற்றில் சொல்லடைவு இருப்பதில்லை என்பது வருத்தத்துக்குரியது. அத்தகைய நூலில் இயல் தலைப்புகளையும் ஒவ்வோர் இயலின் முதற்பத்தியையும் படித்துப் பார்த்து முடிவு செய்யச் சொல்ல வேண்டும்.

தொடக்க அறிமுகத்துக்குக் கலைக்களஞ்சியம் நன்று. தமிழ் வளர்ச்சிக் கழகம் பெ. தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட கலைக்களஞ்சியம், கருத்துகளையும் சொற்களையும் விளங்கிக்கொள்ள இன்றும் உதவும். அதிலுள்ள மக்கள்தொகை, பரப்பளவு, விளைச்சல் போன்ற எண்களை மட்டும் இன்றைய நிலையாக எடுத்தெழுதக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பள்ளிச் சுவருக்கு வெளியே

சிறிய நூலகத்தை வைத்திருப்பவர் மனம் தளர வேண்டியதில்லை. எங்கு கிடைக்கும் என்று அறிந்திருப்பதும் நூலகத்தின் இருப்பில் சேர்ந்ததுதான். ஊர்ப்புற நூலகம், கிளை நூலகம், மாவட்ட மைய நூலகம் என்ற படிநிலை நமக்கு இருக்கிறது. உள்ளூர் நூலகரை ஒருமுறை நேரில் பார்த்துப் பேசி வைத்துக்கொண்டால், மாணவரை ஒரு சீட்டோடு அனுப்பலாம். சென்னையைச் சேர்ந்த பிள்ளைகளுக்கு 1896-இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகமும் 2010-இல் கோட்டூர்புரத்தில் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரைப் பிள்ளைகளுக்கு 2023-இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகமும் எட்டும் தொலைவில் உள்ளன. மற்றவர்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், பழைய நூல்களையும் இதழ்களையும் வீட்டுக்கே கொண்டுவருகிறது. இலங்கைக் குளங்களைப் பற்றி ஒப்பிட்டு எழுத விரும்பினால் ‘நூலகம்’ என்ற பெயருள்ள வலைத்தளத்துக்குச் செல்லலாம். அது இலங்கைத் தமிழ் வெளியீடுகளை மின்வடிவில் சேர்த்து வைத்திருக்கிறது.

நம் மாணவியின் கேள்வியில் வரலாற்றுப் பகுதிக்கு உத்திரமேரூர் ஒரு நல்ல வாயில். அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் உள்ளன. அவை ஏறத்தாழ கி.பி. 919, 921-ஐச் சேர்ந்தவை. குடவோலை முறையைப் பாடநூலில் படித்த பிள்ளைகளுக்கு அவ்வூர்ப் பெயர் தெரிந்திருக்கும். ஆனால் அந்தக் குடவோலையில் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்களுள் ஒன்று ஏரி வாரியம் என்பதைத் தன் ஊர் ஏரியோடு இணைத்துப் பார்க்கச் சொல்லித் தருபவர் நூலகராக இருக்க முடியும். கல்வெட்டில் அவ்வூர் உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம் என்று வருவதையும் சொல்லுங்கள். மேலும் தேட அது பயன்படும்.

இன்றைய பகுதிக்கான விடை நூலில் கிடைப்பது அரிது. பொதுவாக 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கின்றன. தன் ஊர் ஏரி எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்பதைக் கிராம நிருவாக அலுவலரிடமோ ஊராட்சி அலுவலகத்திலோ அவள் கேட்டறிய வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி விடைதர 30 நாள் அவகாசம் உண்டு என்பதால் இரண்டு வாரச் செயல்திட்டத்துக்கு அவ்வழி ஒத்துவராது. நேரில் பெற்றோருடன் போய்க் கேட்பதே நடக்கக்கூடியது. தாத்தாவும் ஒரு சான்றாவார். அவரிடம் கேட்க வேண்டிய ஐந்தாறு கேள்விகளை அவளோடு சேர்ந்து எழுதிக் கொடுங்கள். “தூர்வாருவதற்கு வீட்டுக்கு எத்தனை ஆள் போனீர்கள், வராதவர்களுக்கு என்ன செய்தீர்கள், கடைசியாக எந்த ஆண்டு நடந்தது?” என்று கேட்டால் தகவல் வரும். “அந்தக் காலத்தில் எப்படி இருந்தது?” என்று மட்டும் கேட்டால் ஏக்கம்தான் வரும்.

கிடைத்ததை நம்பலாமா

தமிழ்நாட்டில் எத்தனை ஏரிகள் உள்ளன என்று தேடினால் 39,000-ஐ ஒட்டிய எண் மீண்டும் மீண்டும் வரும். பல இடங்களில் வருவதாலேயே அது உறுதியாகிவிட்டது என்று மாணவர் நினைப்பார். ஒருவர் எழுதியதைப் பத்துப் பேர் எடுத்து எழுதினால் அது பத்துச் சான்று ஆகாது என்பதை இந்த எண்ணை வைத்தே விளக்கலாம். யார் எண்ணினார்கள், எப்போது எண்ணினார்கள், கோயில் குளங்களும் ஊருணிகளும் அதில் சேர்த்தியா என்று மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள். விடை கிடைக்காத இடத்தில் “ஏறத்தாழ” என்று எழுதி, எங்கிருந்து எடுத்தோம் என்பதையும் குறிப்பதே நேர்மை.

இணையதளத்தைச் சோதிக்கும் முறையில் ஒரு பழக்கத்தை மட்டும் ஊன்றிக் கற்பித்தால் போதும் என்பது என் கருத்து. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், வரலாற்றறிஞர் 10 பேர், செய்திச் சரிபார்ப்பாளர் 10 பேர், பல்கலைக்கழக மாணவர் 25 பேர் ஆகியோர் இணையதளங்களை எவ்வாறு மதிப்பிடுகிறார்கள் என்று கவனித்தார்கள். தளத்துக்குள்ளேயே இருந்து வடிவமைப்பையும் ‘எங்களைப் பற்றி’ என்ற பக்கத்தையும் பார்த்தவர்கள் எளிதில் ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்களோ சட்டென்று தளத்தை விட்டு வெளியேறி, அத்தளத்தைப் பற்றிப் பிறர் என்ன சொல்கிறார்கள் என்று வேறு சாளரங்களில் தேடி, விரைவாகச் சரியான முடிவுக்கு வந்தார்கள். நம் பிள்ளைகளுக்கும் அதையே சொல்லலாம்: ஒரு தளத்தின் தகுதியை அத்தளத்திடமே கேட்காதே, வெளியே போய்க் கேள். விக்கிப்பீடியாவைத் தொடக்கூடாது என்று தடுக்கவும் வேண்டியதில்லை. கட்டுரையின் அடியிலுள்ள மேற்கோள்களைத் திறந்து பார்த்து, அங்கிருந்து எழுதச் சொன்னால் போதும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கேட்டு வருபவர்களும் இப்போது இருக்கிறார்கள். அவை சரளமாக எழுதும். இல்லாத நூலுக்குத் தலைப்பும் ஆசிரியர் பெயரும் பக்க எண்ணும்கூடத் தந்துவிடும். அப்படிக் கொண்டுவரும் பிள்ளையைக் கடிந்துகொள்ளாமல், “இந்தப் புத்தகத்தை நாம ரெண்டு பேரும் சேர்ந்து தேடிப் பார்க்கலாம், வா” என்று நூற்பட்டியலின் முன் உட்கார வையுங்கள். அந்த நூல் எங்கும் இல்லை என்று அவர் தாமே கண்டுகொள்ளும் அரைமணி நேரம், அறிவுரையைவிட நெடுநாள் நிற்கும்.

நான்காம் நாள்

முதல் நாள் உற்சாகமாகப் போன மாணவி, மூன்று நான்கு நாள் கழித்து முகம் வாடி வருவாள். ஒரு நூல் ஒன்று சொல்கிறது, மற்றொன்று வேறு சொல்கிறது, தாத்தா சொன்னது இரண்டிலும் இல்லை. தனக்குத் திறமையில்லை என்று நினைத்துக்கொள்வாள். 1980-களில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் தேடலைத் தொடர்ந்து கவனித்த கரோல் குல்தாவ் என்ற அமெரிக்க ஆய்வாளர், குழப்பமும் ஐயமும் தேடலின் நடுவில் கூடுவதே இயல்பு என்று காட்டினார். தேடுபவர் தமக்கென ஒரு பார்வையை வகுத்துக்கொண்ட பிறகே அவை தணிகின்றன. பொறுப்பாசிரியர் தம் நேரத்தை இந்த நாளுக்கென்று எடுத்து வைக்க வேண்டும். நூல் வாங்கிச் சென்ற மாணவரின் பெயருக்கு எதிரே நான்காம் நாள் தேதியைக் குறித்து வைத்து, அன்று நீங்களே கூப்பிட்டுப் பேசுங்கள். முதல் நாள் எழுதிய துண்டுத் தாளை எடுத்துக் கேள்வியை மறுபடி படிக்கச் சொல்லுங்கள். கேள்வியை மாற்றிக்கொள்ளவும் அனுமதியுங்கள், “முன்பு யார் பராமரித்தார்கள்?” என்பது “ஏன் நின்றுபோயிற்று?” என்று மாறினால் அவள் வளர்ந்திருக்கிறாள் என்று பொருள்.

குறிப்பெடுப்பதற்கு ஒரு சிறு ஒழுங்கு போதும். ஒரு தாளில் ஒரு செய்தி. அதன் அடியில் நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பித்த ஆண்டு, பக்கம். நூலை மூடி வைத்துவிட்டுத் தன் சொற்களில் எழுத வேண்டும். அப்படியே எடுத்த வரிக்கு மேற்கோள் குறி இட வேண்டும்.

செயல்திட்டத்தை மதிப்பெண் போட்டுத் திருப்பித் தந்த பின், ஒரு படியைக் கேட்டு வாங்குங்கள். அட்டையில் மாணவியின் வகுப்பையும் ஆண்டையும், யாரிடம் நேர்காணல் எடுத்தாள் என்பதையும் அவர் ஒப்புதலோடு எழுதி, 954.82 என்று எண்ணிட்டு, வரலாற்று நூல்களோடு அடுக்கில் வையுங்கள். விடை கிடைக்காமல் நின்ற கேள்விகளைத் தனி நோட்டில் பதிந்து, அடுத்த முறை நூல் வாங்கப் பணம் வரும்போது அந்த நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.